உடைந்தது கால் பணம்! மாற்றுவது முக்கால் பணம்!

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்தப் பழமொழியின் பொருள் இன்று யாருக்காவது விளங்க வேண்டுமா? செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனால் போதும்.

போன் கை தவறிக் கீழே விழுகிறது. கண்ணாடியில் விரிசல் விடுகிறது. உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது. மணி அடிக்கிறது. பேச்சு கேட்கிறது. போனது கண்ணாடி மட்டும்தான்.

அந்தக் கண்ணாடியின் கனம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை!

"மாற்ற எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால், போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சொல்கிறார்கள். பழைய போனாக இருந்தால், பாதியைக்கூடக் கேட்கிறார்கள்.

"இதற்குச் செலவு செய்வதை விட, புதுசு ஒன்று வாங்கி விடுங்கள்" என்று யோசனையும் சொல்கிறார்கள்.

இது நியாயமா?

பிழைப்புக்கு வேண்டிய சாமான்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்கள் உழைப்பாளிகள் வாழும் ஊர்கள். துறைமுகமும், மீன்பிடித் துறைமுகமும், அனல் மின் நிலையமும், ஆலைகளும் நிறைந்த பகுதி.

இங்கே செல்போன் ஆடம்பரச் சாமான் என்று யாரும் சொல்ல முடியாது. தச்சருக்கு உளி எப்படியோ, இவர்களுக்குப் போன் அப்படி.

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கி விடுகிறது. மீன் வாங்குகிறவர் போனிலேயே பணம் அனுப்புகிறார். பணம் வந்ததா என்று மீன்காரப் பெண்மணி போனைத்தான் பார்க்க வேண்டும்.

கடலில் எந்தப் பக்கம் மீன் கிடைக்கும் என்று ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசாங்கத்தின் கடல் தகவல் நிலையம் சொல்கிறது. அந்தச் செய்தியும் செல்போனுக்கு வருகிறது. புயல் எச்சரிக்கையும் அதில்தான் வருகிறது.

துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரி டிரைவர் காத்திருக்கிறார். எங்கே போவது, எந்தப் பெட்டியை ஏற்றுவது என்ற உத்தரவு போனில் வருகிறது.

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போகும் இளைஞருக்குப் போன் இருந்தால்தான் வேலை. போன் இருண்டு விட்டால் அன்றைய கூலி இல்லை.

பாங்கியில் பணம் எடுக்கவும், கியாஸ் சிலிண்டர் வாங்கவும் ரகசிய எண் போனுக்குத்தான் வருகிறது. கண்ணாடி நொறுங்கிப் போனால், எண் வந்தும் படிக்க முடியாது!

கணக்கைப் பாருங்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

போன் விலை 12,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். டிஸ்ப்ளே மாற்ற 4,000 ரூபாய் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு.

தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை தரும் திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியது. ஒரு டிஸ்ப்ளேவுக்கு நாலு மாத உரிமைத் தொகை போய்விடும்.

மீனவர் வீட்டுக் கணக்கு இன்னும் மோசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகில் கூலிக்குப் போகிறவருக்கு வருமானம் இல்லை. அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்து வந்தது. அதை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தது.

தடைக்காலத்தில் போன் உடைந்தால் என்ன ஆகும்? 8,000 ரூபாயில் பாதி கண்ணாடிக்கே போய்விடும்! மீதிப் பாதியில் இரண்டு மாதம் அடுப்பு எரிய வேண்டும்.

கையில் பணம் இல்லாதவர் தண்டல்காரரிடம் போகிறார். போனைக் கடையில் விட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருக்கிறார். அந்த இரண்டு நாள் வருமானமும் போகிறது. கண்ணாடி ஒரு தடவை உடைகிறது. வீட்டுக் கணக்கு மூன்று தடவை உடைகிறது.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். ஐபோன் 15 புரோ மேக்ஸ் என்ற போன் 2023-ல் அமெரிக்காவில் 1,199 டாலருக்கு வந்தது. காப்பீடு இல்லாதவர் அதன் திரையை மாற்ற, கம்பெனி கேட்ட தொகை 379 டாலர். அங்கேயும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு!

ஒட்டிய மூன்று அடுக்கு

ஏன் இவ்வளவு விலை?

போனின் முகத்தில் மூன்று அடுக்கு இருக்கிறது. மேலே கண்ணாடி. அதன் கீழே, விரல் பட்டதை உணரும் டச். அதற்கும் கீழே, படம் காட்டும் டிஸ்ப்ளே.

முன்பு வந்த பல போன்களில் மேல் கண்ணாடியும் டச்சும் தனி, டிஸ்ப்ளே தனி. எது உடைந்ததோ, அதை மட்டும் மாற்றினார்கள்.

இப்போது மூன்றையும் பசை போட்டு ஒன்றாக ஒட்டி விடுகிறார்கள். போன் மெலிதாக இருக்கிறது. படம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் மேலே உள்ள கண்ணாடி உடைந்தால், நல்ல நிலையில் இருக்கும் டிஸ்ப்ளேவையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான்! கடைக்காரர்கள் இதைக் 'காம்போ' என்கிறார்கள்.

ஜன்னல் கண்ணாடி உடைந்ததற்காகச் சுவரை இடித்துக் கட்டுவது போல!

கண்ணாடி பலமானதுதான். அதைப் பொட்டாசியம் உப்பை உருக்கிய தொட்டியில், சுமார் 400 டிகிரி வெப்பத்தில் மூழ்க வைக்கிறார்கள். கண்ணாடியில் உள்ள சிறிய சோடியம் அணுக்கள் வெளியே வருகின்றன. பெரிய பொட்டாசியம் அணுக்கள் அந்த இடத்தில் நெருக்கி உட்காருகின்றன. அந்த நெருக்கத்தால் கண்ணாடியின் மேல்பரப்பு இறுகிப் போகிறது.

ஆனால் அதற்கும் ஒரு எதிரி உண்டு. அதுதான் மணல்!

கடல் மணலில் உள்ள சில துகள்கள் கண்ணாடியை விடக் கடினமானவை. சட்டைப் பையில் ஒரு துகள் இருந்தாலும் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் கண்ணாடி பலம் இழக்கிறது. அடுத்த தடவை விழும்போது அங்கிருந்துதான் விரிசல் ஓடுகிறது. கடற்கரையில் வேலை செய்கிறவர்களின் போன் சீக்கிரம் உடைய இதுவும் ஒரு காரணம்.

கடைத்தெரு வைத்தியம்

கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலை கட்டவில்லை என்றால் ஜனங்கள் எங்கே போவார்கள்? தெருமுனைக் கடைக்குப் போவார்கள். துறைமுகத்தின் அருகில் உள்ள பர்மா பஜாருக்குப் போவார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக உண்டான கடைத்தெரு அது. மவுண்ட் ரோடு பக்கத்தில் ரிச்சி தெருவும் இருக்கிறது.

அங்கே உள்ள சில தொழிலாளர்களின் கைத்திறமை பெரியது. போனைச் சூடான தட்டில் வைக்கிறார்கள். பசை இளகுகிறது. தலைமுடி போன்ற மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, உடைந்த கண்ணாடியை மட்டும் அறுத்து எடுக்கிறார்கள். பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதுக் கண்ணாடியை ஒட்டுகிறார்கள். காற்றுக் குமிழி போக எந்திரத்தில் வைத்து அழுத்துகிறார்கள்.

கம்பெனி "முடியாது" என்று சொல்லும் வேலையை இவர்கள் முடித்துக் காட்டுகிறார்கள். செலவும் குறைவு. கை தவறினால் டிஸ்ப்ளே போய்விடும் என்ற அபாயமும் உண்டு.

முழு டிஸ்ப்ளே மாற்ற வேண்டும் என்றால் வேறு சிக்கல். அசல் சாமான் இந்தக் கடைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. நகல் சாமான்தான் கிடைக்கிறது.

விலை உயர்ந்த ரகத் திரைக்குப் பதிலாகச் சாதாரண ரகத்தைப் போட்டுவிட்டால், வெளிச்சம் மங்கும். பாட்டரி சீக்கிரம் இறங்கும். திரையில் விரல் வைத்துத் திறக்கும் வசதி வேலை செய்யாமல் போகலாம்.

இதற்குக் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லலாமா? அசலை விற்க மறுத்தால், நகல்தானே ஓடும்?

பூட்டுப் போட்ட போன்

அசல் திரை கிடைத்தாலும் சில போன்களில் வேலைக்கு ஆகாது. போனும் திரையும் ஒன்றை ஒன்று அடையாளம் வைத்திருக்கும். கம்பெனியின் அனுமதி இல்லாமல் வேறு திரை வைத்தால், போன் முரண்டு பிடிக்கும்.

2021-ல் ஐபோன் 13 வந்தபோது இந்த ரகளை நடந்தது. வெளிக்கடையில் திரையை மாற்றினால், முகத்தைக் காட்டித் திறக்கும் வசதி நின்றுவிட்டது. உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. அதே வருஷம் நவம்பரில் ஆப்பிள் கம்பெனி இறங்கி வந்தது. அந்தத் தடையை நீக்குவதாகச் சொன்னது.

அமெரிக்காவில் ஓரிகான் மாநிலம் 2024-ல் சட்டமே போட்டுவிட்டது. இப்படிப் பூட்டுப் போட்டு ரிப்பேரைத் தடுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

காசு கொடுத்து வாங்கியவர் போனுக்குச் சொந்தக்காரர். அதைத் திறக்கும் சாவி மட்டும் வேறு ஒருவர் இடுப்பில் இருக்கலாமா?

புல்லட் சொல்லும் பாடம்

ரிப்பேர் என்பது வடசென்னைக்குப் புதிதல்ல.

1956-ல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் உற்பத்தி தொடங்கியது. அதுதான் 'புல்லட்'. 1955-ல், எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, அசோக் லேலண்டு என்று பெயர் மாறியது. லாரிகள் அங்கிருந்து நாடு முழுவதும் போயின.

பழைய புல்லட் இன்றும் தெருவில் ஓடுகிறது. எப்படி ஓடுகிறது? உதிரி சாமான் கிடைத்தது. மரத்தடியில் கடை வைத்த மெக்கானிக்கும் அதைப் பிரித்தார், பூட்டினார். பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த பையன், தொழில் கற்று மெக்கானிக் ஆனான். அவனும் பிழைத்தான், வண்டியும் பிழைத்தது. வண்டி செய்த கம்பெனியும் நன்றாகவே பிழைத்தது!

தலைமுறை தாண்டி ஓடும் வண்டியைச் செய்த மண்ணில், கண்ணாடி உடைந்ததற்காக ஒரு போனைக் குப்பையில் போடுகிறார்கள். இது வெட்கம் அல்லவா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. திருவொற்றியூரிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. அங்கே லட்சக்கணக்கில் செல்போன் தயாராகிறது. 2024-25-ல் தமிழ்நாட்டிலிருந்து 1,465 கோடி டாலர் மதிப்புள்ள மின்னணுச் சாமான்கள் ஏற்றுமதி ஆயின.

உலகத்துக்கே போன் செய்து அனுப்பும் மாநிலம் இது. இங்குள்ள தொழிலாளி உடைந்த கண்ணாடியோடு விரலைக் கீறிக்கொண்டு பேசுகிறார்!

கார் கம்பெனிகளுக்கு அபராதம்

உதிரி சாமானைப் பூட்டி வைப்பது பற்றி இந்தியாவில் ஏற்கெனவே ஒரு பெரிய தீர்ப்பு வந்திருக்கிறது.

கார் கம்பெனிகள் தங்கள் உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்கு விற்காமல் இருந்தன. இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்ட் மாதம் 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது! உதிரி பாகங்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. ஆனாலும் ஆணையம் சொன்ன நியாயம் நாட்டுக்குத் தெரிந்துவிட்டது.

காருக்கு ஒரு நியாயம், செல்போனுக்கு ஒரு நியாயமா? கார் வைத்திருப்பவர் சிலர். போன் வைத்திருப்பவர் கோடிக்கணக்கானவர்!

செல்போன் விஷயத்திலும் மத்திய அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2022 ஜூலையில் 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பர் 24-ந்தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, ஓர் இணையதளம் திறந்தது. கம்பெனிகள் உதிரி பாகம், உத்தரவாதம், ரிப்பேர் முறை ஆகிய விவரங்களை அதில் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

2024 செப்டம்பரில் இன்னொரு குழு வந்தது. எந்தப் போனை எளிதாக ரிப்பேர் செய்யலாம் என்று மார்க் போடுவது எப்படி என்பதை அது ஆராய்ந்தது. 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது.

நல்ல காரியம். ஆனால் யோசனை வேறு, சட்டம் வேறு.

ஐரோப்பாவில் சட்டமே வந்துவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புதுப் போன்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒரு ரகத்தின் விற்பனை நின்ற பிறகும் 7 வருஷம் முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். அவற்றின் உத்தேச விலையை வெளியிட வேண்டும். ரிப்பேர் செய்வது எளிதா, கடினமா என்பதைப் போனின் சீட்டிலேயே அச்சிட வேண்டும். சாதாரணப் போன் 45 தடவை விழுந்தாலும் தாங்க வேண்டும் என்றும் சொல்கிறது!

கம்பெனி சொல்லும் சமாதானம்

கம்பெனிகள் சில காரணம் சொல்கின்றன.

"தூசியும் தண்ணீரும் புகாமல் இருக்கத்தான் பசை போட்டு ஒட்டுகிறோம்" என்கின்றன. அதில் உண்மை உண்டு. "தெரியாதவர் பிரித்தால் பாட்டரி தீப்பிடிக்கும்" என்கின்றன. அதுவும் பொய் அல்ல.

ஆனால் இவை ஒட்டுவதற்குக் காரணம். அசல் சாமானை விற்க மறுப்பதற்கு இது காரணம் ஆகாது. தெருக் கடைக்காரருக்கு வேலை முறை தெரியவில்லை என்றால், ரிப்பேர் முறையைப் புத்தகமாகப் போட்டுக் கொடுக்கட்டும். நகல் சாமான் ஆபத்து என்றால், அசலை நியாய விலைக்கு விற்கட்டும்.

வரியும் ஒரு சுமை. 2020 ஏப்ரல் 1 முதல் செல்போனுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆனது. அதன் பாகங்களுக்கும் அப்படியே. ரிப்பேர் கூலிக்கும் 18 சதவீதம். உடைந்ததைச் சரிசெய்து வைத்துக் கொள்பவர் சிக்கனக்காரர். அவருக்குச் சலுகை காட்டினால் நாட்டுக்கு என்ன நஷ்டம்? குப்பை குறையும்!

மூன்று காரியம்

செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது: போன் பெட்டியில் அதிகபட்ச விலை அச்சிடுவது கட்டாயம். அதன் பக்கத்திலேயே டிஸ்ப்ளே விலையையும், பாட்டரி விலையையும் அச்சிட வேண்டும். சில கம்பெனிகள் இணையதளத்தில் விலைப்பட்டியல் போட்டிருக்கின்றன. அதைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? பெட்டியில் இருந்தால் எல்லோரும் படிப்பார்கள். பெட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவார்கள். விலை தானாகக் குறையும்.

இரண்டாவது: அசல் உதிரி பாகத்தை எந்தக் கடைக்காரர் கேட்டாலும் விற்க வேண்டும். பூட்டுப் போடக் கூடாது.

மூன்றாவது: ரிப்பேர் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்க வேண்டும். வடசென்னையில் வேலை தேடும் வாலிபர்கள் ஏராளம். அவர்களுக்கு இது நல்ல தொழில்.

குடும்பங்களுக்குச் சில வார்த்தை

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம்.

புதுப் போன் வாங்கும்போது, "டிஸ்ப்ளே போனால் என்ன விலை?" என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

டெம்பர் கிளாஸ் ஒட்டுங்கள். ஓரம் உயர்ந்த கவர் போடுங்கள். போன் பெரும்பாலும் மூலையில் அடிபட்டுத்தான் உடைகிறது.

மணல் இருக்கும் பையில் போனை வைக்காதீர்கள். சாவியோடு சேர்த்தும் வைக்காதீர்கள்.

விரிசல் விட்டால் உடனே ஒரு டேப் ஒட்டுங்கள். குழந்தை கையில் கொடுக்காதீர்கள். கண்ணாடித் தூள் விரலில் ஏறும்.

உத்தரவாதம் இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். கீழே விழுந்து உடைந்ததை உத்தரவாதம் சாதாரணமாகச் சேர்ப்பதில்லை.

ரிப்பேருக்குக் கொடுக்குமுன் சிம் கார்டைக் கழற்றி வையுங்கள். போட்டோக்களையும் முக்கிய நம்பர்களையும் வேறு இடத்தில் பதிந்து வையுங்கள். பணம் அனுப்பும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

அசலா, நகலா என்று கேளுங்கள். அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஏமாற்றம் நேர்ந்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பில் வேண்டும்!

கிழிந்ததைத் தைத்து உடுத்துவதும், ஓட்டையை அடைத்துப் படகு விடுவதும் உழைப்பாளி வீட்டு வழக்கம். அது கஞ்சத்தனம் அல்ல. அந்தச் சிக்கனத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், கடன் அடைகிறது.

கை தவறுவது மனித இயல்பு. அதற்குக் கால் பணம் கொடுக்க ஜனங்கள் தயார். முக்கால் பணம் கேட்பது அநியாயம்!

விலையை முன்னால் சொல்லட்டும். சாமானை எல்லோருக்கும் விற்கட்டும். மீதியை நம் ஊர் மெக்கானிக் பார்த்துக் கொள்வார்.